ஸ்கெல்பியில் பார்க்க வேண்டிய இடங்கள்

டார்பி
22 மார்ச் 1994

ஸ்கெல்பி வருகையாளர் தகவல் மேசைக்கு,

வணக்கம். வீட்டு முகவரிக்கு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்குப் பதில் இல்லை. அதனால் இதை அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். வெளியூரிலிருந்து விவரம் கேட்டு வரும் எந்தக் கடிதத்துக்கும் ஒரு வாரத்துக்குள் பதில் போட்டாக வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தச் சட்டத்தைக் காப்பாற்றுகிறவரோடு முப்பத்தோரு வருடம் குடித்தனம் நடத்தியவன் நான்.

இப்போது அண்ணன் ஹெர்பர்ட் வீட்டு மாடியறையில் இருக்கிறேன். வேலை இல்லை, கடலும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரர் கார் கழுவுவதுதான் தெரிகிறது. ஸ்கெல்பிக்கு ஒருநாள் பயணமாக வந்து போக ஆசை. அங்கே பார்க்க வேண்டிய இடங்கள் எவை, எப்போது திறந்திருக்கும் என்று எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நீங்கள் சிரிக்கலாம். அதே ஊரில் குன்றுக்கும் கடற்கரைக்கும் நடுவே இருபத்தெட்டு வருடம் கம்பிவடத்தில் பெட்டி இழுக்கும் விஞ்ச் ஓட்டியவன் கேட்கிற கேள்வியா இது என்று. ஆனால் உண்மை அதுதான். ஆட்களைக் கீழே இறக்கினேன், மேலே ஏற்றினேன். இறங்கிப் போனவர்கள் எதைப் பார்த்துவிட்டு வந்தார்கள் என்று ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

பணிவுடன்,
லெனார்ட் கார்த்வெய்ட்


ஸ்கெல்பி
28 மார்ச் 1994

ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. சட்டப்படி ஆறாவது நாள் பதில் எழுதுகிறேன்.

கலங்கரை விளக்கம் ஈஸ்டர் முதல் செப்டம்பர் வரை, காலை பத்திலிருந்து நான்கு மணி வரை. நூற்றுப் பன்னிரண்டு படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து ஏறவும். தங்களுக்கு இடது காலில் வலி உண்டென்று ஞாபகம். பூங்காவுக்குப் பின்னால் பொம்மை ஊர் இருக்கிறது. மழை பெய்தாலும் மூடமாட்டார்கள், மழைக்கு மூடினால் திறப்பதற்கு நாளே இருக்காது. துறைமுகத்தில் உயிர்காப்புப் படகுக் காட்சிசாலை. கடல் வற்றும் நேரத்தில் வடக்குப் பாறைக்கு நடந்தால் கடல்நாய் எனும் சீல்களைப் பார்க்கலாம். வியாழக்கிழமை மதியம் கடற்பாலத்து முனையில் தேநீரும் நடனமும். விஞ்ச் துருப்பிடித்ததால் போன வருடம் நகரசபை மூடிவிட்டது. தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

துண்டுப் பிரசுரம் இணைத்திருக்கிறேன். எழுதியது நான்தான். இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு வருடமும் நான்தான்.

பக்கத்து நாற்காலி பிரெண்டா உறையைப் பார்த்ததுமே கையெழுத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். கிழித்துக் குப்பையில் போடச் சொன்னாள். விவரம் கேட்பவருக்கு விவரம் தருவது என் வேலை. அதற்கு மேல் இதில் எதையும் தேட வேண்டாம்.

இப்படிக்கு,
எ. கார்த்வெய்ட்
தகவல் மேசை


டார்பி
9 மே 1994

அன்புள்ள எனிட்,

போன வாரம் வந்து போனேன். முதலில் ஒரு புகார். கலங்கரை விளக்கத்தில் படிகள் நூற்றுப் பதின்மூன்று. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினேன், பிரசுரத்தைத் திருத்திவிடு.

மேலே போனதும் எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். நான் நம் வீட்டுக் கூரையைத் தேடினேன். வடக்குப் பக்கம் ஓட்டில் பாசி ஏறியிருக்கிறது. கொடியில் நீலப் படுக்கை விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது, தூறல் வருவது எனக்குத் தெரிந்தது, கத்திச் சொல்லலாமா என்று கூட நினைத்தேன். இந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று பக்கத்தில் நின்ற அம்மாள் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டாள்.

பொம்மை ஊரில் நம் விஞ்சும் இருக்கிறது, தெரியுமா? முழங்கால் உயரம்தான். கதவருகில் தொப்பியும் மீசையுமாக ஒரு பொம்மை. யார் என்று வாசலில் சீட்டுக் கொடுக்கும் பெண்ணிடம் கேட்டேன். "அதுவா, விஞ்ச் ஓட்டின லென். இப்ப ஊர்ல இல்ல, பொண்டாட்டி அனுப்பிட்டா" என்றாள். அந்தப் பெண்ணுக்கு இருபது வயது இருக்காது. நான் மீசையை எடுத்துவிட்டதால் அடையாளம் தெரியவில்லை.

எனிட், என் தப்பு எனக்குத் தெரிகிறது. இதையெல்லாம் போய்ப் பார்க்கலாம் என்று நீ கேட்டபோதெல்லாம் என் வாயில் ஒரே பதில்தான். "இங்கதானே இருக்கோம், என்னிக்கு வேணா போயிக்கலாம்." அந்த என்னிக்கு வரவே இல்லை. முப்பத்தோரு வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போது தனியாகப் போய்ப் பார்க்கிறேன். மற்றதையும் பார்த்து முடிப்பேன். முடித்தபின் வீட்டுக்கு வரலாமா என்று உன்னைக் கேட்பேன்.

போகும்போது உன் அலுவலக ஜன்னல் கண்ணாடி வழியாக உன்னைப் பார்த்தேன். ஒரு தம்பதிக்கு வரைபடத்தில் வழி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாய். உள்ளே வரவில்லை.

உன்
லென்


ஸ்கெல்பி
17 மே 1994

லென்,

வாசற்படியை எந்த ஊரிலும் கணக்கில் சேர்ப்பதில்லை. நூற்றுப் பன்னிரண்டுதான்.

ஆனாலும் உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும், நான் ஏறி எண்ணியவள் இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிவைத்ததைப் பார்த்து எழுதினேன். பொம்மை ஊருக்கும் போனதில்லை. சீல்கள் படுத்திருக்கும் என்று எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேனோ, ஒரு சீலைக் கூட நேரில் பார்த்ததில்லை. முதலில் ஆசை இருந்தது, பொய் சொல்லவில்லை. அப்புறம் அதுவும் போய்விட்டது. நாள் முழுக்க வருகிறவர்களுக்கு மூன்றே கேள்விகள்: கழிப்பறை எங்கே, காரை எங்கே நிறுத்தலாம், மழை எப்போது நிற்கும். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரத்தான் தோன்றுகிறது. நின்று நின்று கால் இரண்டும் வீங்கிவிடுகின்றன.

நீ என்னை எங்கும் கூட்டிப் போகவில்லை என்பதற்காகவா உன்னைப் பெட்டியோடு அனுப்பினேன்? அப்படி நினைத்துக்கொண்டு மழையில் ஊர் சுற்றுகிறாய். உன் முழங்காலுக்காகச் சொல்கிறேன், காரணம் அது இல்லை. யோசித்துப் பார்.

விரிப்பு நனைந்துவிட்டது. கத்தியிருக்கலாம்.

எனிட்


டார்பி
4 ஜூலை 1994

அன்புள்ள எனிட்,

யோசித்தேன். ஹெர்பர்ட்டிடமும் கேட்டேன், அவன் கல்யாணமே செய்துகொள்ளாதவன், அவனுக்கு என்ன தெரியும். எனக்கு எட்டவில்லை. நீயே சொல்லிவிடு.

நடுவில் சீல்களையும் பார்த்துவிட்டேன். எழுந்திருக்க மனமில்லாமல் பாறையில் புரண்டுகொண்டிருந்தன, நீ இருந்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பாய். கடற்பாலத்து நடனத்துக்கும் போனேன். லிங்கனிலிருந்து வந்திருந்த ஒரு விதவை அம்மாள் என்னைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றினாள். இரண்டு முறை அவள் காலை மிதித்தேன்.

பெரிய செய்தி வேறு. நகரசபை விஞ்சைச் சரிசெய்துவிட்டது. பழைய பிரேக்கைப் பிடிக்கத் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை என்று என்னைத் தேடி எழுதியிருக்கிறார்கள். ஜூலை பதினாறிலிருந்து செப்டம்பர் கடைசி வரை. கடிதத்தைப் படித்துவிட்டு இந்த வயதில் அழுதேன் என்று உன்னிடம் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை. திருமதி பிக்கர்ஸ்கில்லின் விடுதியில் கீழறை எடுத்திருக்கிறேன். நம் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. நீ சொல்லாமல் வாசலுக்கு வரமாட்டேன். ஆனால் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வீட்டுக்கு வரவேண்டும், எனிட். எனக்கு வேறு ஆசை இல்லை.

உன்
லென்


ஸ்கெல்பி
26 ஜூலை 1994

லென்,

பத்து நாளாக விஞ்சின் மணி மேசை வரைக்கும் கேட்கிறது. ஊரே சந்தோஷமாக இருக்கிறது. நீயும் சந்தோஷமாக இருக்கிறாய் என்று பிரெண்டா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். இதை நேரில் சொல்லத் தெம்பில்லை, எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் இடது மார்பில் ஒரு கட்டி இருந்தது, நினைவிருக்கும். மருத்துவமனையிலிருந்து ஆகஸ்ட் பதினெட்டுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. காலைச் சாப்பாட்டில் உனக்குப் படித்துக் காட்டினேன். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "ஆகஸ்ட்லயா? சீசன் முடிஞ்சு வச்சுக்கக் கூடாதா?" என்றாய்.

நீ மட்டும் சொல்கிற சொல் இல்லை அது. இந்த ஊரில் ஆகஸ்டில் யாரும் கல்யாணம் செய்வதில்லை, வீட்டுக்கு வெள்ளையடிப்பதில்லை. உன் மாமா ஆகஸ்டில் செத்துப்போனதற்காக அவரையே பதினோரு நாள் காக்க வைத்துத்தானே புதைத்தோம். ஆகவே நானும் எழுந்து போய்த் தொலைபேசியில் பேசி, தேதியை அக்டோபர் ஆறுக்கு மாற்றினேன். நானேதான். அந்தப் பக்கம் பேசிய பெண் "நெஜமாவா சொல்றீங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள். இங்கே கூட்டமாக இருக்கும் என்றேன்.

ஏழு வாரம். பயத்தை உள்ளே வைத்துக்கொண்டு, கலங்கரை விளக்கம் பத்து மணிக்குத் திறக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். நீ ஒருநாள் கூட எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. அக்டோபரில் தனியாகப் போனேன். கட்டியில் ஒன்றுமில்லை என்றார்கள். பேருந்தில் திரும்பி வந்து உன்னிடம் சொன்னபோது நீ சமையலறைத் தொட்டியில் விஞ்ச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாய். "பாத்தியா, காத்திருந்ததுல ஒண்ணும் குடி முழுகிப் போகலியே" என்றாய். பெட்டியை எடுக்கச் சொன்னது அதற்குத்தான்.

இப்போது அதே பக்கம் மறுபடியும் ஒன்று வந்திருக்கிறது. ஆகஸ்ட் பதினாறு, செவ்வாய், காலை பத்தரைக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை தேதியை மாற்றமாட்டேன். தனியாகப் போகவும் முடியாது லென், எனக்கு அலுத்துவிட்டது. எட்டேகால் பேருந்தில் என்னோடு வா. வந்தாயானால் அன்று மாலையே உன் பெட்டியை வீட்டுக்குக் கொண்டு வந்துவிடு.

எனிட்


பிக்கர்ஸ்கில் விடுதி, ஸ்கெல்பி
2 ஆகஸ்ட் 1994

என் அன்பான எனிட்,

பத்து நிமிடத் தூரத்திலிருந்து தபாலில் எழுதுகிறேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வராது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிட முடியவில்லை. அந்த வார்த்தையைச் சொன்னதே எனக்கு மறந்துபோயிருந்தது. மன்னித்துவிடு என்று எழுதினால் அது ரொம்பச் சின்னதாகத் தெரிகிறது.

தேதியை மாற்று என்று இனி என் வாயால் சொல்லமாட்டேன். கட்டாயம் போய்விட்டு வா. ஆனால் பதினாறாம் தேதி ஊர்த் திருவிழா வாரத்தில் வருகிறது. நகரசபைக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். "திருவிழா வாரத்துல ஒரு நாள் நின்னாலும் பூட்டினது பூட்டினதுதான், லென். அப்புறம் திறக்கமாட்டோம்" என்றார். பிரேக்கை வேறு ஒருவன் கையில் கொடுத்து, விஞ்ச் பெட்டி நிறையக் குழந்தைகளை ஏற்றிவிட்டு நான் எப்படிப் பேருந்தில் உட்காருவேன்? விஞ்சின் கடைசி ஓட்டம் ஐந்து மணிக்கு. நீ திரும்பும் பேருந்து ஐந்தரைக்கு. நான் நிறுத்தத்தில் நிற்பேன், அங்கிருந்து சேர்ந்து வீட்டுக்குப் போகலாம். செப்டம்பர் கடைசிக்கு மேல் என்னுடைய எல்லா நாளும் உன்னுடையதுதான்.

உனக்குப் புரியும். இந்த ஊரில் உன்னைவிட வேறு யாருக்கு இது புரியப் போகிறது?

என்றும் உன்
லென்


ஸ்கெல்பி
19 ஆகஸ்ட் 1994

லென்,

செவ்வாய்க்கிழமை நீ பூக்களோடு ஏழு மணி வரை நிறுத்தத்தில் நின்றாய் என்று தபால்காரர் சொன்னார். உன்னை நிற்க வைத்தது என் தப்பு, முன்பே சொல்லியிருக்க வேண்டும். நான் பேருந்தில் போகவில்லை. பிரெண்டா தன் காரில் கூட்டிப் போனாள். இரண்டு பேரும் இல்லாததால் மேசையை மூடினோம். திருவிழா வாரத்தில் அது மூடியிருந்தது இதுவே முதல் முறை. யாரும் சாகவில்லை. கழிப்பறையை அவர்களே கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், இல்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் இதே கடிதத்தைத்தான் எழுதியிருப்பேன். எனக்குப் புரியும் என்றாயே, நன்றாகப் புரிகிறது. அதுதான் என்னை இப்படி ஓய வைக்கிறது. இரண்டு பேரும் ஒரே மாதிரி இருக்கிற வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு வந்தால் பார்க்க ஆளே இருப்பதில்லை.

நீ கெட்டவன் இல்லை. அந்தக் குழந்தைகளைப் பத்திரமாக ஏற்றி இறக்கு. சீசன் முடிந்ததும் அண்ணன் வீட்டுக்கே போய்விடு. பெட்டியை இங்கே கொண்டு வர வேண்டாம்.

மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்டு நேற்றும் இன்றும் சீட்டு அனுப்பியிருக்கிறாய். அவர் சொல்லும்போது பிரெண்டா என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். உனக்கு அதை நான் எழுதப் போவதில்லை.

எனிட்