நன்றியுரை சொல்பவர் கேள்வி கேட்பதில்லை

14.3.1967

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

மாலையில் வாசகர் மன்றச் செயலாளர் தவராசா வந்தான். சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னான்: "பறுவத்துப் போயா லீவு நாளில கூட்டம், ஆனந்தராசா அண்ணை. கனகரத்தினம் அதிபர் பேசுறார், ஆதி கிரேக்க ஞானிகள் பற்றி. நன்றியுரை வழமைபோல நீங்கள்தான்."

"எனக்கு அதில கேள்வியள் இருக்குத் தம்பி."

"நன்றியுரை சொல்லுற ஆள் கேள்வி கேட்டா வடிவாயிராதண்ணை."

வழமைபோல! வருடக் கணக்காக வழமை. என் வாயை அடைக்க இதைவிட மரியாதையான வழி இந்த ஊரில் இல்லை.

17.3.1967

வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போன வருடம், களஞ்சியத்தில் எழுதுவினைஞனாக இருந்த எனக்கும் வேலை போனது. கனகரத்தினத்தின் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்க ஓர் இடம் காலியாக இருந்தது. "உங்களுக்குக் கோபம் கூட. பிள்ளையளோட சரிவராது" என்றார். இப்போது அரசாங்கக் கச்சேரிக் கந்தோரில் கோப்புகளோடு சரிவருகிறேன்.

தளத்து அதிகாரி ஒருவர் போகும்போது என்னிடம் விட்டுச்சென்ற கிரேக்கப் புத்தகத்தைப் போன மாதம் இரவல் வாங்கியவரும் அவரேதான். அதைப் படித்துவிட்டுத்தான் மேடை ஏறப்போகிறார். மறக்க ஏலாது. மறக்கவும் மாட்டேன்.

26.3.1967, பௌர்ணமிப் போயா

கூட்டம் முடிந்து வந்து எழுதுகிறேன், கனகரத்தினம் பேசியதை.

எல்லாம் நீரிலிருந்து வந்தது என்று தேலீஸ் சொன்னாராம். எங்கள் முன்னோர் அதை எப்போதோ சொல்லிவிட்டார்களாம். ஆகவே கிரேக்கரிடம் நாங்கள் படிக்க ஒன்றுமில்லையாம். மண்டபம் கைதட்டியது.

நான் எழுந்தேன். "பெருமதிப்புக்குரிய அதிபர் அவர்களுக்கு மன்றத்தின் நன்றி" என்று தொடங்கி, அதே மூச்சில் மறுத்தேன். நீர் என்ற விடை பெரிதல்ல என்றேன். பூமி தண்ணீரில் மிதக்கிறது என்றார் தேலீஸ். அவரிடம் படித்தவர் என்று சொல்லப்படும் அனக்சிமாண்டரோ, பூமியை எதுவுமே தாங்கவில்லை, எல்லாப் பக்கமும் சமமான தூரத்தில் நிற்பதால் அது விழவில்லை என்றார். மூலப்பொருளும் நீரல்ல, எல்லையற்ற ஒன்று என்றார். பின்னால் வந்த அனக்சிமனீஸ் அதையும் மறுத்துக் காற்று என்றார். ஒரே ஊர், மூன்று விடை. எதிர்த்துச் சொன்னதற்காக யாரையும் துரத்தியதாக ஒரு கதையும் இல்லை. அதுதான் அவர்கள் விட்டுப்போன சொத்து. இன்றைய பேச்சு அதைத் தொடவேயில்லை. இவ்வளவையும் சத்தமாகத்தான் சொன்னேன்.

கைதட்டினார்கள். கனகரத்தினம் வந்து கட்டிப்பிடித்தார். "வடிவாச் சொன்னீங்கள் ஆனந்தராசா. இப்பிடியொரு நன்றியுரை எனக்கு ஒருத்தரும் சொன்னதில்லை."

நக்கலா? இல்லை, கண் கலங்கியிருந்தது! நன்றியுரை என்று அறிவித்த கணமே சனம் காதை மூடிக்கொண்டு கையை மட்டும் தயாராக வைத்திருக்கிறது. அவரும்தான்.

27.3.1967

கந்தோர் விட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்தேன். துறையில் ஒரு கப்பல்கூட இல்லை.

அந்த மூவரின் ஊரான மிலேட்டசும் துறைமுகம்தான். ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டித் துறையை மூடிவிட்டது. கடல் எங்கோ தள்ளிப் போய்விட்டதாம். ஊர் போன பிறகும் கேள்வி இங்கே வரை வந்து சேர்ந்திருக்கிறது. வந்து என்ன? கைதட்டலில் செத்தது.

31.3.1967

கனகரத்தினத்தின் பேச்சைக் கொழும்பு வார இதழ் ஒன்று போடப்போகிறதாம். நான் அதே இதழுக்கு மறுப்பு எழுதி முடித்துவிட்டேன். இனி அவர் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

புஸ்பராணி குசினி அடுப்படியில் நின்றபடியே வாசித்தாள். என் மனைவிக்கு எதையும் சுற்றிவளைத்துச் சொல்ல வராது. "இதுக்குள்ள தண்ணி எங்கயப்பா, காத்து எங்க? முழுக்கக் கனகரத்தினம் மாஸ்டர்தானே இருக்கிறார்!"

இவளுக்கு என்ன தெரியும்?

பிறகு பேனையை எடுத்து, அவர் வரும் இடங்களை வெட்டினேன். அரைவாசிக் கட்டுரை போய்விட்டது.

2.4.1967

அனக்சிமாண்டர் எழுதியதில் மிஞ்சியிருப்பது ஏறக்குறைய ஒரே வசனம். பொருள்கள் தாம் செய்த அநீதிக்குக் காலத்தின் ஒழுங்குப்படி ஒன்றுக்கொன்று ஈடுசெய்கின்றன. கனகரத்தினம் எனக்கு ஈடுசெய்வார் என்றுதான் இதைப் பத்து வருடமாக வாசித்து வருகிறேன். பகை வைத்திருப்பவனுக்கு நல்ல வசனம்.

ஆனால் ஒன்றுக்கொன்று என்றல்லவா இருக்கிறது? அந்த மனிதர் கண் கலங்க நின்றாரே. ஊரில் ஒருவன்கூட அவர் காதில் விழும்படி 'இல்லை' என்று சொன்னதில்லை. நான் உட்பட.

5.4.1967

கச்சேரியில் மதியச் சாப்பாட்டு நேரம் கட்டுரையை மஹ்ரூபிடம் காட்டினேன். கிண்ணியாவிலிருந்து வருகிறவன், பக்கத்து மேசை.

"நல்லாயிருக்கு அண்ணன். ஆனா பேரப் போட்டீங்கண்டா, சனம் பேரப் பாத்துட்டு 'பழைய கோவம்' எண்டு பக்கத்தத் திருப்பிரும்."

"போடாட்டி மொட்டைக் கடிதம் எண்டுவினம்."

"ஓம். எதிர்த்துச் சொன்ன ஆக்களப் பத்தி எழுதிட்டு, எழுதின ஆள் எங்க ஒளிச்சிருக்காரெண்டும் கேப்பாங்க." சிரித்தான். "ரெண்டு பக்கமும் அடிதான். சோத்தச் சாப்பிடுங்க."



7.4.1967

பெயரைப் போட்டேன். வெட்டினேன். போட்டேன்.

10.4.1967

தவராசா மறுபடி வந்தான். அடுத்த கூட்டத்திலும் கனகரத்தினம்தான். கிரேக்கர் பற்றி இரண்டாம் பேச்சு.

"நன்றியுரை வழமைபோல—"

"ஏலாது தம்பி."

"என்னண்ணை, கோவமோ?"

"கோவமில்லை. முன்வரிசை வாங்கில வந்து இருப்பன். எனக்குக் கேள்வி இருக்கு."

"நிகழ்ச்சிநிரலில கேள்விக்கு இடமில்லையே அண்ணை."

"இடம் விடு."

பென்சிலைக் காதில் செருகி எடுத்து, மறுபடி செருகிக்கொண்டு நின்றான். பிறகு கேட்டான்: "எத்தினை நிமிசம் போடட்டும்?"

அவன் போன பிறகு கட்டுரையைச் சுத்தமாகப் பிரதி எடுத்தேன். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒன்றும் எழுதவில்லை. பெயர் இருந்தால் என் கோபத்தை வாசிப்பார்கள். இல்லாவிட்டால் ஒருவேளை கேள்வியை வாசிக்கக்கூடும். பெயரில்லாமல் போடமாட்டோம் என்று இதழ்க்காரர் எறிந்தால் எறியட்டும். போட்டால், இது யார் எழுதியது என்று மன்றத்தில் கனகரத்தினம் கேட்கட்டும். முன்வாங்கிலிருந்து எழுந்து நிற்பேன்.

முத்திரை ஒட்டியாயிற்று. காலையில் கந்தோருக்குப் போகும் வழியில் இப்படியே தபாலில் போடுகிறேன், பெயரில்லாமல்.