பிடி அரிசியில் உன் பங்கு

சதுரங்கப்பட்டினம்,
10.2.1975

அன்பு மகள் பிரபாவதிக்கு உன் அத்தை ஞானம்மாள் சொல்லி எழுதுவது. கர்த்தர் புண்ணியத்தில் இங்கே நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன், அதையே சுகம் என்று வைத்துக்கொள். நாக்பூர் குளிரில் நீ இருமல் சளி இல்லாமல் இருக்கவேண்டும். எழுதுவது எதிர்வீட்டு அம்சா, இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். நான் வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன், அவள் அதைப் பள்ளிக்கூடத் தமிழில்தான் எழுதுவேன் என்கிறாள், ஆகையால் இது அத்தை பேசுகிற மாதிரி இல்லையே என்று நினைக்காதே. ஊரில் விசேஷம் ஒன்றும் இல்லை. கல்பாக்கம் வேலைக்குப் போகிற லாரிகள் புழுதி கிளப்பி, காயப்போட்ட துணி எல்லாம் செம்மண் நிறமாகிவிடுகிறது. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று தங்கவில்லை. கூரைக்குப் பின்பக்கம் மட்டும் புது ஓலை வேய்ந்தேன்.

உன் கடிதம் வந்து நாளாகிறது, பதில் போடவில்லை, கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஏசடியான் என்பவர் உன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறார் என்றும், அத்தை சரி என்றால்தான் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கக் கொடுப்பேன், வேண்டாம் என்றால் இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடுவேன் என்றும் எழுதியிருந்தாய். அம்சா அதைப் படித்து முடித்ததும் நான் எழுந்துபோய் உலைக்குத் தண்ணீர் வைத்தேன், கோயில் பானையில் பிடி அரிசி எடுத்துப்போட்டேன், மீதியைக் களைந்து உட்கார்ந்தேன், வெகு நேரம் கழித்துத்தான் அடுப்பே மூட்டவில்லை என்று தெரிந்தது. உன்னைக் கட்டின என் பிள்ளை துரை மஞ்சள் காமாலையில் போனதிலிருந்தே இப்படித்தான் இருக்கிறேன். அழுகை வருகிறதா என்று பார்க்கிறேன், வரவில்லை. செங்கல்பட்டில் எனக்குப் பல் பிடுங்க ஊசி போட்டார்களே, கன்னம் இருக்கிறதா இல்லையா என்று வழியெல்லாம் தடவிக்கொண்டே வந்தேனே, அது இப்போது உடம்பு முழுக்க. ஜெபம் பண்ண முழங்காலில் நிற்கிறேன், வார்த்தை வரவில்லை, முழங்கால் வலித்ததும் எழுந்துவிடுகிறேன். நீ நர்ஸ், உனக்குப் புரியும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் வருவதற்கு முந்தின வாரம்தான் மாதர் சங்கக் கூட்டத்தில் பாதிரி ஐயரின் மனைவி, நம் ஐயரம்மா, ரூத்தைப் பற்றிப் பேசினார்கள். புருஷனை இழந்த பிறகும் மாமியார் நகோமியை விடாமல் கூடவே வந்தவள் ரூத், நம்முடைய ஞானம்மாளுக்கும் கர்த்தர் ஒரு ரூத்தைக் கொடுத்திருக்கிறார் என்றார்கள். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், ஆனாலும் அன்றைக்கு மட்டும் நெஞ்சில் கொஞ்சம் சூடு தெரிந்தது. அதனால் உன் கடிதத்தைக் கேட்டதும் உன்னை நினைக்கவில்லை, இனி எந்த முகத்தோடு மாதர் சங்கப் பாயில் போய் உட்காருவேன் என்றுதான் நினைத்தேன்.

மீன்காரப் பூவாயியை உனக்குத் தெரியும். நம் கோயிலுக்கு வருகிறவள் இல்லை, மாரியாத்தாளுக்குக் கூழ் ஊற்றுகிறவள், ஆனால் துரை போனதிலிருந்து நம் வாசலில் கூடையை இறக்கி, மீனை ஆய்ந்து கொடுத்து, நான் தின்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற தெருவுக்குப் போகிறாள். அவள்தான் இன்னா ஞானம், மூஞ்சி செத்த மீனு கணக்கா கீது, நாக்பூருலேர்ந்து கடுதாசி வந்துச்சாமே, இன்னா எழுதிக்கீது பொண்ணு என்று கேட்டாள். சொன்னேன். அதுக்கு இன்னா வயசாவுது, உன்ன மாதிரி செவுத்தப் பாத்துகினு குந்திகினு கெடக்கணுமா, புள்ளதான் போய்ட்டான், இதுவும் உசுரோட போவணுமா என்று சத்தம் போட்டாள். இல்லடி, அவள் எனக்கு ரூத் மாதிரி என்றேன். அது யாரு ரூத்து, அப்பால இன்னா ஆச்சு அதுக்கு என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை பிரபா. அழுதுகொண்டே இரண்டு பேரும் பெத்லகேம் வந்து சேர்ந்த வரைக்கும்தான் எனக்குத் தெரியும், மாதர் சங்கத்தில் எப்போதும் அந்த முதல் அதிகாரத்தோடு பாட்டுப் பாடி முடித்துவிடுவார்கள்.

கேட்டுக்கொண்டிருந்த அம்சா ஓடிப்போய் உன் வேதாகமத்தை எடுத்துவந்து நாலு அதிகாரத்தையும் உரக்கப் படித்தாள். கூடவே வராமல் தாய்வீட்டுக்குத் திரும்பின இன்னொரு மருமகள் ஓர்பாள், அவளையும் நகோமி முத்தமிட்டு வாழ்த்தித்தான் அனுப்பினாள், ஒரு குறை சொல்லவில்லை என்று விரல் வைத்துக் காட்டினாள். பிறகு ரூத்திடம், குளித்து, எண்ணெய் பூசி, நல்ல துணி உடுத்திக்கொண்டு வயல்காரர் போவாஸ் இருக்கிற களத்துக்குப் போ என்று சொன்னதே மாமியார்தான் என்று வந்தது. பூவாயி அரிவாள்மணையை விட்டு எழுந்தே விட்டாள். அடி கெட்டிக்காரி, மாமியாக்காரியே மாப்ள புடிச்சிக் குட்துக்கீறா, நீ இன்னாடான்னா அடுப்பு கூட பத்தவெக்காம குந்திக்கீற என்று என் தோளில் மீன் கையாலேயே அடித்தாள். அவள் கேட்டுக்கொண்டிருந்த சந்தடியில் பூனை ஒரு சங்கரா மீனைத் தூக்கிப்போய்விட்டது. அம்சா சிரித்தாள், பூவாயி சிரித்தாள், நானும் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. (பிரபா அக்கா, இதைச் சொல்லும்போது பெரியம்மா முறத்தில் நொய் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நிமிரவே இல்லை. - அம்சா)

நேற்று ஆராதனை முடிந்ததும் ஐயரைப் பார்த்தேன். உன் பெயர் இன்னும் இந்தச் சபையில்தான் இருக்கிறது, ஆகையால் யாருக்காவது தடை உண்டா என்று கேட்டு ஓலையை இங்கேயும் மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டும், வாசியுங்கள் என்று சொன்னேன். ஐயரம்மா பக்கத்தில் நின்று, உனக்குச் சம்மதமா ஞானம் என்றார்கள். சம்மதம், ரூத்தும் கட்டிக்கொண்டாளே அம்மா என்றேன். அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பெற்றவள் உனக்கு இல்லை. பெண்ணை யார் கொடுப்பது என்று அங்கே கேட்டால் என் பெயரைச் சொல். சந்தோஷமாகச் சொல்கிறேன் என்று அம்சா எழுதப் பார்த்தாள், வேண்டாம் என்றேன், அது பொய். நகோமியும் மனம் கசந்துபோய் இருந்தபோதுதான் அவளைக் குளித்துப் புறப்படச் சொல்லியிருப்பாள். சந்தோஷம் எனக்குப் பிறகு வந்தால் வரட்டும், அதற்காக நீ காத்திருக்காதே.

உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. வீட்டில் எத்தனை பெண்களோ உலை வைக்கும்போது அத்தனை பிடி கோயில் பானைக்கு என்பது நம் வழக்கம். நீ நாக்பூர் போன பிறகும் நான் இரண்டு பிடிதான் எடுத்துக்கொண்டிருந்தேன். இன்று காலையிலும் கை தன் பழக்கத்தில் இரண்டாவது பிடியை எடுத்துவிட்டது. கொஞ்ச நேரம் அப்படியே மூடி வைத்திருந்தேன். பிறகு உலையிலேயே போட்டுவிட்டேன். சோறு அந்த அளவு மிஞ்சியது, பூவாயி தின்றாள். இனி உன் பிடியை உன் வீட்டு அடுப்படியில் நீ எடு மகளே.

கர்த்தர் உன்னையும் அவரையும் ஆசீர்வதித்து, போக்கையும் வரத்தையும் காப்பாராக. தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி வேலை என்றால் சாப்பிடாமல் போகாதே. கல்யாணத் தேதியை முன்னதாகவே எழுது, பூவாயியும் வருவேன் என்கிறாள், ரயிலில் கருவாடு கொண்டுவரவிடுவார்களா என்று கேட்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
பெண் வீட்டுக்காரி
ஞானம்மாள்