டேப்பின் மேல் போட்ட பழி

இரண்டாம் தேதி, மாலை

அன்புள்ள தம்பிக்கு,

அத்தான் எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய்யில் ஆரம்பிக்க மனம் வரவில்லை. நீயாவது நலமாக இரு.

ஆறு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. உன் மேல் தப்பில்லை. வீட்டுக்கு வந்தவனைப் பையோடு வெளியே போகச் சொன்னவன் நான். இதைக் கிழித்துப் போடுவதாக இருந்தால் அதற்கு முன் இந்த நாலு வரியையாவது படித்துவிடு. அக்காவின் முகம் மாறிப்போயிருக்கிறது என்று ஒன்றரை வருடத்துக்கு முன்னால் நீ சொன்னது சரி. உன் அக்காவுக்கு உடம்பில் பெரிய கோளாறு. பதினாலாம் தேதி ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அவள் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள்.

கொஞ்ச நாளாகவே அவளுக்குத் தலைவலி. தையல் கடை மேசையில் நூல் கண்டு, பட்டன் டப்பா என்று எதையாவது தட்டிவிட்டுக்கொண்டே இருந்தாள். கவனமில்லை என்று திட்டினேன். திட்டுவதற்கு எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? பார்வைக்குக் கண்ணாடி மாற்றலாம் என்று போனோம். கண்ணாடிக் கடைக்காரர் அரைமணி நேரம் பார்த்துவிட்டு, "இது கண்ணாடி மாத்துற விஷயம் இல்லீங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று கையில் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அங்கே டாக்டர் அம்மா எதிரில் உட்கார்ந்து, தன் மூக்கையே பார்க்கும்படி உன் அக்காவிடம் சொன்னார். தன் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரலை ஆட்டியபடி மெல்ல உள்ளே கொண்டுவந்தார். விரல் கண்ணில் பட்டதும் சொல்ல வேண்டும். நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். எனக்கு விரல் எப்போதோ தெரிந்துவிட்டது. விரல் அவள் தோளைத் தாண்டி உள்ளே வந்தது, அவள் வாய் திறக்கவில்லை. சொல்லு, சொல்லு என்று எனக்குள் அடித்துக்கொண்டது. கிட்டத்தட்ட முகத்துக்கு நேரே வந்த பிறகு, "இப்ப தெரியுது டாக்டர்" என்றாள், பரீட்சையில் சரியாகச் சொல்லிவிட்ட பிள்ளை மாதிரி. நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டர் அம்மா படம் வரைந்து காட்டினார். எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். உடம்புக்குள் சேதி போக இரண்டு வழி. ஒன்று நரம்பு வழி. சூடு பட்டதும் கையை இழுக்கிறோமே, அது கண் இமைக்கிற நேரத்தில் போகிற சேதி. இன்னொன்று சுரப்பிகளின் வழி. அவை ரத்தத்தில் கலந்து விடுகிற சேதி நிதானமாகப் போகும், ஆனால் உடம்பின் மூலைமுடுக்கெல்லாம் போகும். வளர்வது, தூங்குவது, பசிப்பது எல்லாம் அதில் அடக்கம். இரண்டு வழியும் சந்திக்கிற இடம் மூளையின் அடியில் இருக்கிறது. அங்கே ஓர் எலும்புக் குழியில், பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி. அதற்கு மேலே இருக்கும் மூளைப் பகுதி போதும் என்றால் நிறுத்த வேண்டும், வேண்டும் என்றால் சுரக்க வேண்டும்.

உன் அக்காவுக்கு அந்தச் சுரப்பியில் ஒரு கட்டி. புற்று இல்லை என்றார். ஆனால் அந்தக் கட்டிக்குப் போதும் என்கிற பேச்சே காதில் விழுவதில்லையாம். வளர்ச்சிக்கான ஹார்மோனைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. பெரியவர்கள் உயரமாக வளர முடியாது, அதனால் கை, கால், தாடை, மூக்கு என்று பெரிதாகிறது. போதாததற்குக் கட்டி மேலே முட்டி, கண் நரம்புகள் குறுக்கே கடக்கிற இடத்தை நசுக்குகிறது. அதனால்தான் நேரே இருப்பது தெரிகிறது, இரண்டு பக்கமும் இருட்டு.

இனி எழுதப்போவதை யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் கடையில் வருடத்துக்கு ஒரு முறை அவளுக்கு வேலைக் கோட்டு தைப்பேன், உனக்குத் தெரியும். ஒரு வருடம் மணிக்கட்டு அளவு கால் இஞ்ச் கூடியிருந்தது. பழைய டேப் இழுபட்டு நீண்டுபோய், முன்பு குறைத்துக் காட்டியிருக்கிறது என்று முடிவு கட்டினேன். டேப்பைத் தூக்கிப் போட்டேன். அளவு நோட்டில் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புது எண்ணை எழுதினேன். அடுத்த வருடம் மறுபடி கால் இஞ்ச். புது டேப் மட்டமான சரக்கு என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போனேன். இன்னொரு டேப், இன்னொரு அடித்தல். மூன்றாம் வருடம் நான்தான் முன்பெல்லாம் இறுக்கிப் பிடித்து அளந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். டேப் தப்பு, துணி தப்பு, என் கை கூடத் தப்பு. மனுஷி கை வளர்கிறது என்று மட்டும் தோன்றவே இல்லை. ஊசி குத்தாமல் விரலில் மாட்டுகிற தொப்பி அவளுக்குச் சேராமல் போனது, செருப்பு இரண்டு சைஸ் ஏறியது. குரல் கட்டையாகிப் போனில் அவளை "சார்" என்று கூப்பிட்டார்கள், நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் அம்மா கேட்டபோது நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடித்த கோடுகளுக்கு அடியில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, ஆறு வருடம் இருக்கும் என்றார். உன் அக்கா என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

கட்டியை மூக்கு வழியாகப் போய் எடுப்பார்களாம், தலையைத் திறக்க வேண்டியதில்லை. எடுத்தால் கை வீக்கம் வடியும், வளர்ந்த எலும்பு வளர்ந்ததுதான். பார்வை திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் உறுதி கொடுக்க மாட்டார்கள். சுரப்பி அடிபட்டால் ஆயுசு முழுக்க மாத்திரை. எடுக்காவிட்டால் பார்வை இன்னும் சுருங்கும், இதயத்துக்கும் கெடுதல். ஒன்பதாம் தேதிக்குள் கையெழுத்து வராவிட்டால் அந்த நாள் வேறொருவருக்குப் போய்விடும். அடுத்த நாள் கிடைக்க மூன்று மாதம் ஆகும். கண் நரம்பு மூன்று மாதம் தாங்குமா என்று கேட்டேன். டாக்டர் அம்மா கையெழுத்துக் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார்.

நான் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். கத்தியும் பார்த்துவிட்டேன். நேற்று அவள் நிதானமாகச் சொன்னாள்: "ஆறு வருஷம் என் கையைப் பிடிச்சு அளந்த மனுஷனுக்கே தெரியல. உங்க பேச்சை நம்பி நான் எப்படிங்க மூளைக்குப் பக்கத்துல கத்தி வைக்க விடுறது?"  பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "தம்பி மட்டும்தான் என் மூஞ்சியைப் பாத்தான். அவனையும் விரட்டியாச்சு" என்றாள்.

மூன்றாம் தேதி, காலை

கடிதத்தை ஒட்டவில்லை. நல்லதாகப் போயிற்று. இன்று கடை திறந்ததும் இஸ்திரிப் பெட்டியை அவளுக்கு இடதுபக்கம் வைத்துவிட்டுத் திரும்பினேன். துணியை எடுக்கக் கையை நீட்டியவள் நேராக அதன் மேலேயே வைத்துவிட்டாள். கையை இழுத்துக்கொண்டாள், காயம் பெரிதில்லை, மருந்து போட்டிருக்கிறேன். அவள் அழவில்லை. "இது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டாள். இரண்டு முறை கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை.

நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. உன்னைக் கூப்பிடச் சொன்னால், எந்த முகத்தோடு கூப்பிடுவது என்பாள். நீ கிளம்பிப் போனபோது தடுக்காமல் நின்றதை நினைத்து அவள் படுகிற வேதனை எனக்குத் தெரியும். அந்தப் பழி அவளுடையது இல்லை. முழுக்க என்னுடையது. என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. நீ இருக்கிற நாட்கள் முழுக்க நான் கடையிலேயே படுத்துக்கொள்கிறேன், உன் கண்ணில் படமாட்டேன்.

ஒன்பதாம் தேதிக்குள் வந்துவிடு தம்பி. வரும்போது ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். வாசலிலிருந்து "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டு பக்கத்தில் ஓடிவராதே, திடுக்கிட்டுப் போவாள். நேர் எதிரே வந்து நில். கொஞ்சம் கிட்டவே நில். அவள் உன்னைப் பார்க்கும்வரை நகராதே.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்