சார்ஜ் மேசைக்கு நீங்கள் விட்டுக்கொடுத்த இடம்

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மகள் கூடத்தில் உட்கார்ந்து நெயில் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். இனிப்பும் காரமுமாக அந்த வாசனை அடுப்படிக்கு வந்ததுதான் தாமதம், கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் வீட்டில் செருகியிருந்த சார்ஜர்களையெல்லாம் பிடுங்கிவிட்டேன். அவள் விரலைக் காட்டிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் செல் கசிந்தால் கிட்டத்தட்ட இதே வாசனைதான் வரும் என்று அவளுக்குச் சொன்னேன். அதை முதலில் மோந்து கண்டுபிடித்தது நானில்லை, நீங்கள் என்றும் சொன்னேன். அன்றிலிருந்து உங்களுக்கு எழுத வேண்டும்போல் இருக்கிறது.

ஓசூரில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த அந்தத் தகர ஷெட்டை நாம் இருவரும் பாதிப் பாதியாக எடுத்திருந்தோம். இரண்டாயிரங்களின் பின்பாதி அது. உங்கள் பாதியில் நான்கு தையல் மெஷின்கள், உங்களோடு மூன்று பெண்கள், வண்டி சீட்டுக்கு உறை தைக்க ரெக்சின் சுருள்கள், கூரையைத் தொடும் அளவுக்கு ஃபோம். என் பாதியில் ஒரு மேசையும் நானும். பெங்களூர்க் கடைகளில் இருந்து செத்துப்போன லேப்டாப் பேட்டரிகள் பை பையாக வரும். பிரித்து, உள்ளே இருக்கும் செல்களை மாற்றி, சார்ஜ் போட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்புவேன். நமக்கு நடுவில் ஒரு பிளைவுட் தட்டி. நான் உங்களை அக்கா என்பேன், நீங்களும் என்னை அக்கா என்பீர்கள். யாருக்கு வயது கூட என்று கடைசிவரை நாம் கேட்டுக்கொள்ளவே இல்லை.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்துவிட்டு, கணவரின் கம்பெனி வேலைக்காக ஓசூருக்கு வந்தவள் நான். அந்தப் படிப்பின் மீது எனக்கு இருந்த கர்வம் உங்களுக்குத் தெரியும். ஒருநாள் நூல்கண்டு வாங்க வெளியே போகிற வழியில் என் மேசையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பேட்டரியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தீர்கள்.

"இன்னாக்கா இது, இவ்ளோ சூடா கீது? சூடு வர்றது அதோட வேலையா, கோளாறா?"

கொஞ்சம் சூடாகத்தான் செய்யும் என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டேன். எவ்வளவு சூடுவரை பரவாயில்லை என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் ஒரு தடவைகூட நான் அளந்து பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. அதை உங்களிடம் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

அடுத்த வாரம் அந்த வாசனை வந்தது. மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, தட்டியோரம் வைத்திருந்த ஒரு பேட்டரியை நீங்கள்தான் எடுத்துக் காட்டினீர்கள். ஒரு பக்கம் உப்பியிருந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு முழத்தில் உங்கள் ஃபோம். ஆள் பக்கத்தில் இல்லாமல் இனி எதையும் சார்ஜ் போடக் கூடாது, தட்டியோரம் எதையும் வைக்கக் கூடாது என்றீர்கள். உங்கள் பெண்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

"உங்க தையல்ல நான் வந்து ஏதாவது சொல்லுதேனா? எனக்குத் தெரியும்க்கா, நான் படிச்சவ" என்றேன்.

நீங்கள் திரும்பிப் போய் மெஷினில் உட்கார்ந்துவிட்டீர்கள். அதன்பின் பத்து நாள் நமக்குள் பேச்சில்லை. ஷெட் ஓனரிடம் போய்ச் சொல்வீர்கள் என்று தினமும் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

பதினோராம் நாள் காலை வந்து பார்த்தால், ஷட்டர் ஓரத்தில் வெளிச்சம் விழும் இடத்தில் இருந்த உங்கள் மெஷின்கள் எல்லாம் உள்ளே இருட்டுப் பக்கம் போயிருந்தன. ஃபோம் முழுவதும் கடைசிச் சுவருக்கு நகர்ந்திருந்தது. காலியான இடத்தில் பர்கூர் குவாரியில் கழித்துப் போட்ட ஒரு கிரானைட் பலகை, செங்கல் கால்களின் மேல் மேசையாக நின்றது. குவாரி லாரி ஓட்டும் உங்கள் வீட்டுக்காரர் முந்தின நாள் ராத்திரி இறக்கிவிட்டுப் போனாராம்.

"கல்லு எரியாது. காத்தும் வரும். இங்க வச்சு சார்ஜ் போடுங்க" என்றீர்கள். தைக்கிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டாமா என்று கேட்டதற்கு, டியூப்லைட் போட்டுக்கொள்வதாகச் சொன்னீர்கள்.

அன்று நாம் இருவரும் டீ வாங்கி வைத்துக்கொண்டு, ஷெட்டுக்கு ஓர் ஒழுங்குமுறை வகுத்தோம். எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன், தெரியாததை நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். ஒவ்வொரு பேட்டரிக்கும் அதற்குரிய சார்ஜர் மட்டும். இரண்டுக்கு நடுவில் ஒரு சாண் இடைவெளி. உப்பினது, நசுங்கினது எதையும் செருகவே கூடாது. சுவிட்ச் கைக்கு எட்டுகிற இடத்தில். பக்கத்தில் இரண்டு வாளி மணல். சார்ஜ் போட்ட நேரத்தைப் பேட்டரி மீதே துணிக்குக் கோடு போடும் சாக்கட்டியால் எழுதுவது உங்கள் யோசனை. நான் எழுந்து போனால் உங்களிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் போக வேண்டும்.

ஒரு வருஷம் ஒழுங்காகத்தான் இருந்தேன். பிறகு அந்த அவசர ஆர்டர் வந்தது. இருபத்துநான்கு பேட்டரி. புதுச் செல் போதவில்லை. பழைய பேட்டரிகளில் இருந்து கழற்றிய செல்களைச் சரியாகச் சோதிக்காமலே புதியவற்றோடு கலந்து கட்டினேன். அதை உங்களிடம் சொல்லவில்லை. கடைசி ஆறு கல் மேசையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தபோது, பெங்களூர்க் கடைக்காரர் கேட் வாசலில் நிற்பதாகப் போன் செய்தார். பிடுங்கவும் இல்லை, சொல்லவும் இல்லை, எழுந்து போனேன்.

அவரைக் கூட்டிக்கொண்டு திரும்பும்போது உங்கள் பெண்கள் மூவரும் வெளியே நின்றார்கள். நீங்கள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உங்கள் அளவு ஸ்கேலால் மற்ற ஐந்து பேட்டரிகளையும் மேசையின் மறுகோடிக்குத் தள்ளிக்கொண்டிருந்தீர்கள். ஆறாவதில் புகை. வாளி மணலை அதன் மேல் கவிழ்த்துவிட்டு நீங்கள் பின்வாங்குவதற்குள் ஒரு செல் வெடித்துத் தெறித்து ஷட்டரில் மோதி விழுந்தது. இன்னொன்று மணலுக்குள்ளேயே சீறி அடங்கியது. கல் கறுத்தது. உங்கள் மணிக்கட்டில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சுட்டது. வேறு ஒன்றுமில்லை. உள்ளே திரும்பிப் பார்த்தேன். அத்தனை ஃபோமும் கடைசிச் சுவரோரம் அப்படியே இருந்தது.

கடைக்காரர் வெளிறிப்போய், இதையா என் கஸ்டமர்களுக்குக் கொடுக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் நீங்கள் பதில் சொன்னீர்கள்.

"வெடிக்கிறதா இருந்தா இங்க வெடிக்கட்டும் சார். அதுக்குத்தான் இந்தக் கல்லு. அவங்க மடியில வெடிக்கக் கூடாது."

நான் சொல்லாமல் எழுந்து போனதை அவரிடம் நீங்கள் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். செல் கலந்ததையும் சொன்னேன். எஞ்சிய இருபத்துமூன்றில் ஒன்றையும் கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னேன். அவர் வெறும் பையோடு கோபமாகப் போனார். நீங்கள் மணிக்கட்டில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்து, "பிரிங்க" என்று மட்டும் சொன்னீர்கள். நான் பிரித்துச் செல்களை ஒவ்வொன்றாகச் சோதித்துக் கொடுக்க, நீங்கள் நல்லதையும் கெட்டதையும் தனித்தனி டப்பாவில் போட்டீர்கள். மூன்று நாள் ஆயிற்று. ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. மூன்று வாரம் கழித்து அதே கடைக்காரர் திரும்பி வந்தார். தப்பை ஒப்புக்கொள்கிற ஆளை வேறு எங்கும் பார்க்கவில்லை என்றார்.

பிறகு எனக்கு வேலை பெருகி வேறு இடத்துக்குப் போனேன். நீங்கள் கிருஷ்ணகிரிக்குக் குடிபோனீர்கள். சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்க வந்தேன். பாதிப் பேச்சில் என்னை நிறுத்திவிட்டு, பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் தெலுங்கில் ஏதோ அதட்டினீர்கள். தலையணைக்கு அடியில் சார்ஜில் கிடந்த போனை அவள் அவசரமாக வெளியே எடுத்து வைத்தாள். இருவரும் சிரித்தோம். நன்றி சொல்லத்தான் வந்திருந்தேன். சிரிப்பில் அது நழுவிவிட்டது. அடுத்த மாதமே நீங்கள் போய்விட்டீர்கள்.

காரியத்துக்கு வந்தபோது உங்கள் வீட்டுக்காரர் எனக்கு ஒன்று சொன்னார். நாம் பேசாமல் இருந்த அந்தப் பத்து நாளில் வேறொரு ஷெட்டைப் பார்த்துச் சாவியே வாங்கி வந்துவிட்டீர்களாம். வெளிச்சமும் காற்றும் உள்ள நல்ல ஷெட். மெஷின்களை ஏற்ற அவர் லாரியோடு வந்தபோது, போய்க் கல்லை ஏற்றி வாருங்கள் என்று திருப்பி அனுப்பினீர்களாம். ஏன் என்று கேட்டதற்கு, "நானும் போயிட்டா அந்தக்கா பக்கத்துல யாரு இருப்பா" என்றீர்களாம்.

இப்போது என்னிடம் பதினொரு பேர் வேலை செய்கிறார்கள். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரிகள் வருகின்றன. சூடு பார்க்கவும் மின்சாரத்தை நிறுத்தவும் கருவிகள் இருக்கின்றன. ஆனாலும் சார்ஜ் அறையில் யாரையும் தனியாக விட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போவதில்லை. புதிதாகச் சேர்ந்தவர் பதற்றத்தில் தப்பு செய்தால் முதலில் திட்டத்தான் வாய் வருகிறது. பிறகு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.