கரவானில் பொங்கிய பால்

லாச்சப்பல், பாரிஸ்
யூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சாம்பவிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் மருமகன் கரிகாலனும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று அடுத்த வரி வர வேண்டும், எழுதப் போய் நிறுத்திவிட்டேன், நீ சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். போன கிழமை தொலைபேசியில், வீடு மாறேக்கை பெட்டி தூக்கினதாலைதான் வயித்துப் பிள்ளை தங்கேல்லை, எல்லாம் என்னாலைதான் அம்மா என்று சொன்னாய், நான் வாய் திறக்கும் முன்பே வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எடுத்தால் வேலையாக இருக்கிறேன் என்கிறாய், புறப்பட்டு மொன்றியலுக்கு வரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்கிறாய். கடிதத்தை இடையில் துண்டிக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன், சுற்றி வளைத்துச் சொல்வேன், பொறுமையாக முழுக்க வாசி.

முதலில் அப்பாவின் கரவான் கதை. வாழ்நாள் முழுக்க ரெஸ்ரோறண்ட் குசினிக்குள் நின்ற மனிதர், ஓய்வு கிடைத்த கையோடு, இந்த நாட்டில் எந்தக் கடலையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று சொல்லி, காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற அந்தச் சக்கர வீட்டைப் புதிதாக வாங்கினது உனக்குத் தெரியும். பாரிசில் நிறுத்த இடமில்லாமல் கூசேன்வில்லில் அரியரத்தினம் அண்ணை வீட்டு வளவில் விட்டிருக்கிறோம். வாங்கின அன்று ஐயரைக் கூட்டிப் போனோம், அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு இது வீடோ வாகனமோ, எந்தப் பூசை செய்யிறது என்று கேட்டார். அப்பா இரண்டையும் செய்யுங்கோ என்றுவிட்டார். சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசித்தோம், படம் உனக்கும் அனுப்பினோம். படத்தில் வராதது, உள்ளே இருந்த சின்ன அடுப்பில் கிழக்குப் பார்க்கப் பால் காய்ச்சினது. புது வீட்டுக்குக் குடிபூரல் என்றால் பால் பொங்கி வழிய வேண்டும் என்று அப்பா அடுப்பை அணைக்க விடாமல் நின்றார், அது சட்டி விளிம்பால் வழிந்து, அடுப்புக்குப் பின்னால் இறங்கி, தரைக்கும் போனது. நல்லாப் பொங்கினது என்று எல்லோருக்கும் சந்தோஷம், துடைத்தது நான்.

மாரி முழுக்க மேசையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்தவர், இளவேனிலில் போய்க் கதவைத் திறந்தால் உள்ளே ஒரே புழுங்கல் மணம், தரை காலுக்குக் கீழே மெத்தென்று அமிழ்ந்தது, சுவர்ப் பலகை அப்பளம் மாதிரி ஊதிப் போயிருந்தது. நான், வாங்கின கடைக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லுங்கள், கரன்ரி இருக்கிறது, அவர்கள்தான் திருத்தித் தர வேண்டும் என்றேன். அவர், என்ன முகத்தோடை கேக்கிறது, பாலை ஊத்தினது நாங்கள்தானே என்றார். அதற்கு மேல் ஒரு பாயை விரித்து மூடிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கூசேன்வில்லுக்குப் போவதையும் விட்டுவிட்டார், வரைபடம் அலுமாரிக்குள் போய்விட்டது. கொஞ்ச நாளில் உன் செய்தி வந்தது. அன்று அவர் என்ன சொன்னார் தெரியுமா, நல்ல காரியத்துக்குக் காய்ச்சின பால் நாறிப் போச்சு, அதுதான் பிள்ளைக்கு இப்பிடி வந்தது, எல்லாம் என்ரை பிழை என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அங்கே நீ ஒருத்தி, இங்கே இவர் ஒருவர், நடந்த ஒன்றை இரண்டு பேரும் ஆளுக்கு ஆள் தூக்கிச் சுமந்துகொண்டு இருக்கிறீர்கள், நடுவில் நான்.

அவரைக் கேளாமலே கடைக்கு நான் எடுத்தேன். ஆன்ஜெலிக் என்று ஒரு பிள்ளை பேசினாள், ஒழுங்காகத்தான் கேட்டாள். நான் சொல்லிக்கொண்டு இருக்க, உன் அப்பா பக்கத்தில் இருந்து தொலைபேசியைப் பறித்து, மதாம், நாங்கள் உள்ளே பால் ஊற்றினோம் என்று தன் குசினிப் பிரெஞ்சில் சொல்லிவிட்டார். கேட்காத கேள்விக்குப் பதில். வாடிக்கையாளர் ஊற்றினதற்குக் கரன்ரி செல்லாது, ஆனாலும் கொண்டு வாருங்கள் பார்ப்போம் என்றாள் அவள். அன்றைக்கு அவருக்கு ஒன்றும் சமைத்துக் கொடுக்கவில்லை, கடையில் வாங்கின பாணைத் தின்னட்டும் என்று விட்டேன்.

போன வியாழன் கொண்டு போனோம். திருத்துகிறவன் கிரிகோரி என்று ஒரு பொடியன், ஈரம் பார்க்கிற சின்னக் கருவியை அடுப்படித் தரையில் வைத்தான், அங்கே ஈரமே இல்லை. மற்ற முனையில், கட்டில் தலைமாட்டு யன்னலுக்குக் கீழே வைத்தான், கருவி கத்தியது. யன்னல் சட்டத்தைக் கழற்றிக் காட்டினான், தண்ணீர் போகாமல் பூசுகிற பசை ஒரு சாண் அளவுக்குப் பூசப்படவே இல்லை. செய்த இடத்திலேயே விட்ட பிழை, மாரி மழை முழுக்க அதால்தான் இறங்கியிருக்கிறது. அப்ப நாங்கள் ஊத்தின பால்? என்று அப்பா கேட்டார். அவன் பாலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை மெசியு என்றான். அப்பா திரும்பவும் கேட்டார். அவன் கையைத் துடைத்துக்கொண்டு அவருடைய முகத்தைப் பார்த்து, இது நீங்கள் செய்தது இல்லை, உங்கள் பிழை என்று யார் சொன்னது என்று கேட்டான். ஒருவரும் சொல்லவில்லை, பிள்ளை. அவரே தனக்குச் சொல்லிக்கொண்டதுதான்.

தரையும் சுவரும் கரன்ரியிலேயே மாற்றித் தருகிறார்கள், பலகை வர வேண்டுமாம், எப்போது வரும் என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறார்கள். அப்பா வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாமிப் படத்துக்கு முன்னால் நின்று அழுதார், நான் காணாத மாதிரி வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றேன். பிறகு வந்து, பிள்ளைக்கு எழுது என்றார்.

ஒரு பலகைத் தரையையும் உன் வயிற்றுப் பிள்ளையையும் நான் ஒரு தட்டில் வைக்கவில்லை, அப்படி நினைத்துவிடாதே. அது மாற்றித் தருகிற சாமான் இல்லை, எனக்கும் அது பேரப்பிள்ளை. அந்தப் பொடியன் அப்படிச் சொன்ன நேரம் அப்பாவின் தோள் இறங்கியதைப் பார்த்தேன், உனக்கும் ஒருவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். டொக்டர் சொன்னார் என்று கரிகாலன் எனக்குச் சொன்னார், பெட்டி தூக்கினதால் இல்லை, படி ஏறினதால் இல்லை, யாரும் செய்து வந்தது இல்லை என்று. நீ அதைப் பிரெஞ்சில் கேட்டாய், தலையாட்டிவிட்டு வந்திருப்பாய். இப்போது தமிழில் அம்மா சொல்கிறேன், உன்ரை பிழை இல்லை, பிள்ளை. பால் ஊற்றினது மெய், பெட்டி தூக்கினதும் மெய்தான், ஆனால் நடந்தது அதால் இல்லை.

சரக்குத்தூள் இடித்து ஒரு பொதி அனுப்பியிருக்கிறேன். பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற பத்தியம் எல்லாம் உனக்கும் உண்டு, நீயும் பெற்றவள்தான். கரிகாலனை உள்ளிப்பூண்டு நிறையப் போட்டுக் காய்ச்சச் சொல்லு, வெறுங்காலோடு தரையில் நடக்காதே, அவரோடு முகம் கொடுத்துப் பேசு, அவரும் தனியாக அழுகிறார் என்று நினைக்கிறேன்.

பிள்ளையார் உங்கள் இருவரையும் காக்கட்டும், இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு மனம் ஆறி இருங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கரவான் திருத்தி வந்தால் இனிப் பால் காய்ச்சுகிற வேலையே வேண்டாம் என்கிறார் அப்பா. காய்ச்சத்தான் வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன். லீவு எடுத்துக்கொண்டு வா, இந்த முறை நீ அடுப்பை மூட்டு, பொங்கி எவ்வளவு வழிந்தாலும் வழியட்டும். துடைக்க நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
வள்ளிநாயகி வாமதேவன்