மேட்டுக்கு வராத காற்றாலைகள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் தொடங்குகிறேன். போனில் கேட்டால் "இருக்கேன்க்கா" என்பதற்கு மேல் உன் வாயிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்க முடிவதில்லை. போனை நீ வைத்துவிடலாம். கடிதத்தை ஓரமாக வைத்தாலும் அது அங்கேயேதான் கிடக்கும், என்றைக்காவது பிரிப்பாய். அதனால்தான் பேப்பரும் பேனாவும். ஊருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுக்கிறவளின் கையெழுத்து எவ்வளவு லட்சணமாக இருக்கிறது, பார்த்துச் சிரித்துக்கொள்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அத்தானுக்குப் பஸ்ஸில் பழைய தடமே திரும்பக் கிடைத்துவிட்டது. மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார். உன் மருமகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. வாயைப் பொத்திக்கொண்டே திரிகிறாள், யார் ஜோக் சொன்னாலும் சண்டைக்கு வருகிறாள். கடையில் கலர் மெஷின் வாரத்தில் இரண்டு நாள் படுத்துவிடுகிறது. கதவைத் திறந்து தட்டினால் எழுந்துகொள்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் கடைக்கு ஒருவர் வந்தார். ஆறடி உயரம், உள்ளங்கையெல்லாம் காய்ப்பு. காற்றாலைக் கம்பெனி இங்கே திறந்திருந்த சின்ன அலுவலகத்தைக் காலி செய்கிறார்களாம், சான்றிதழ்களை நகல் எடுக்க வேண்டும் என்றார். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது சுவரில் இருந்த உன் படத்தைப் பார்த்துவிட்டு, "அட, இவரு எங்க ஏணியாச்சே!" என்றார். காற்றாலைக் கோபுரம் ஏறுகிற உன்னை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்களாமே? எனக்குத் தெரியாது. நான் அக்கா என்றதும் அந்த மனுஷன் முகம் மாறிவிட்டது. பிறகு சொன்னார்: "இந்த ஊருக்கு மாத்தல் கேட்டு மொதல்ல பேர் குடுத்தது அவருதான். போன வருஷம் காத்தாடி பத்தி ஊர்க்கூட்டம் நடந்துச்சே, அன்னிக்கு எங்களோடதான் வந்திருந்தாரு. வீட்டுல யாருக்கும் தெரியாது, ஆர்டர் கைக்கு வந்ததும் நேரா போய் நிக்கப்போறேன்னு சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. நீங்க பேசினீங்க பாருங்க, அதுக்கப்புறம் போய் வேன்ல உக்காந்துட்டாரு."

ஒரு நகல் கேட்டவருக்கு நான் ஐந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவர் போன பிறகுதான் கவனித்தேன்.

நான் என்ன பேசினேன் என்று உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனாலும் என் கையால் ஒரு தடவை எழுதிவிடுகிறேன். பள்ளிக்கூட அரங்கம், நாற்காலி போதாமல் ஜன்னலில் எல்லாம் ஆட்கள். எனக்கு முன்னால் பேசியவள் பக்கத்து வீட்டு நர்ஸம்மா. அவள் வீட்டுக்காரர் அனல்மின் நிலையத்தில் சாம்பல் பிரிவில் இருபது வருஷம் வேலை பார்த்தவர், இப்போது மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார். "காத்தாடி சத்தம் போடும்னு இத்தனை பேர் வந்திருக்கீங்க. என் வீட்டுக்காரர் இருமுற சத்தத்துக்கு யாராவது ஒரு கூட்டம் போட்டீங்களா?" என்று கேட்டாள். அரங்கமே கப்சிப். அந்த மௌனம் எங்கள் பக்கத்துக்கு நல்லதல்ல என்று எனக்குத் தெரிந்தது. மைக்கை வாங்கினேன். இதனால் இந்த ஊரில் யாருக்கு வேலை கிடைக்கப்போகிறது என்று கேட்டேன். "மேல ஏறி எண்ணெய் போடுற நாலு பேருக்கு. அவனுங்களும் ஊர் பேர் இல்லாம சுத்துறவனுங்க. இன்னிக்கு இங்க, நாளைக்கு எங்கயோ. அவனுங்க போயிடுவானுங்க, நாமதான் தூங்காம கிடப்போம்!" என்றேன். கைதட்டல் ஓய வெகு நேரமானது. நர்ஸம்மா தன் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

நீ பின் கதவருகில் நின்றிருந்தாய் என்று அந்த ஆள் சொன்னார். அன்று சாயங்காலம் நீ போன் செய்ததும் நினைவுக்கு வருகிறது. "வேலையா இந்தப் பக்கம் வந்தேன்க்கா, வீட்டுக்கு வர நேரமில்ல" என்றாய். நான் ஜெயித்த சந்தோஷத்தில் கூட்டத்துக் கதையை உன்னிடமே சொல்லத் தொடங்கினேன். கைதட்டியதைக்கூடச் சொன்னேன். நீயும் "அப்படியாக்கா" என்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

இதற்காக மட்டும் என்றால் ஒரு போனில் மன்னிப்புக் கேட்டிருப்பேன். இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது.

நான் எதற்காகக் காற்றாலை எதிர்ப்புக் குழுவில் சேர்ந்தேன் தெரியுமா? முதல் வரைபடத்தில் மூன்றாம் நம்பர் கோபுரம் நம் கொல்லைக்கு அறுநூறு மீட்டரில் இருந்தது. அம்மா போன பிறகு அப்பாவுக்குத் தூக்கம் என்பது கோழித்தூக்கம்தான். இறக்கைகள் சுற்றும் ஓசையும், காலை வெயிலில் நிழல் சுவரில் வந்து வந்து போவதும் அவருக்கு எப்படி ஒத்துக்கொள்ளும் என்று பயந்தேன். அந்தப் பயம் நிஜம். பொய் சொல்லி நான் உள்ளே போகவில்லை.

ஆனால் கூட்டத்துக்கு முந்தின நாள், கடை சாத்தும் நேரத்தில், கம்பெனிக்காரர்கள் ஓடி வந்தார்கள். திருத்திய வரைபடத்தை இருநூறு பிரதி கேட்டார்கள். ஊரில் என்னை விட்டால் அந்த அளவுக்கு அச்சடிக்க வேறு கடை இல்லையே. தாள் வெளியே வரும்போதே பார்த்தேன். மூன்றாம் நம்பர் கோபுரத்தை இரண்டு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், கல்குவாரிக்குப் பின்னால் தள்ளியிருந்தார்கள். நம் வீட்டுக்கு ஓசையும் இல்லை, நிழலும் இல்லை. நான் எதிர்த்து நின்ற காரணமே போய்விட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ எரிச்சல் வந்தது. பேச்சை எழுதி வைத்திருந்தேன், மூன்று நாளாகக் கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்திருந்தேன். நாற்பது வயதில் முதல்முறையாக ஊர் என் பேச்சைக் கேட்கப்போகிறது.

ஒரு மணி நேரம் கழித்து வாங்க வந்தவர்களிடம், மெஷினில் கோளாறு, நாளை மத்தியானம்தான் கிடைக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இருநூறு பிரதியும் அப்போது என் மேசைக்கு அடியில் தயாராக இருந்தது. மறுநாள் காலைக் கூட்டத்தில் நான் பழைய வரைபடத்தைத்தான் தூக்கிக் காட்டினேன். கம்பெனி அதிகாரி எழுந்து, அது மாற்றப்பட்டுவிட்டது என்று சொல்லத்தான் பார்த்தார். மூலப்படமும் என் கடையிலேயே இருந்ததால், கையில் காட்ட எதுவும் இல்லாமல் நின்றவரைக் கூச்சலிலேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

நீ அந்தப் பழைய படத்தைப் பார்த்திருப்பாய். பாவம், அக்காவுக்கு மாற்றியது தெரியாது என்று நினைத்திருப்பாய். அப்படி நினைத்து என்னை மன்னித்திருந்தால், அந்த மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள். எனக்குத் தெரியும்.

எனக்குத் தெரியாதது ஒன்றுதான். அதையும் அந்த ஆள்தான் சொன்னார். மூன்றாம் நம்பரைத் தள்ளி வைக்கச் சொல்லி எஞ்சினியரிடம் ஒற்றைக்காலில் நின்றது நீயாமே. "எங்கப்பா அந்தப் பக்கத்து ரூம்லதான் படுப்பாரு சார்" என்றாயாம்.

போன ஞாயிற்றுக்கிழமை குழுவைக் கூட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நடந்தது நடந்துபோச்சு, வெளியே விட வேண்டாம் என்றார். நான் நேராகப் போய் நர்ஸம்மாவிடமும் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தெரியும். கூட்டத்துக்கு மறுநாளே உங்க கடைக் குப்பைத்தொட்டியில மாத்தின வரைபடத்தைப் பாத்தேன்" என்றாள். ஒரு வருஷமாக என் முகத்தைப் பார்த்துக் காலையில் சிரித்துக்கொண்டிருந்தவள்! கம்பெனிக்கும் எழுதினேன். அனுமதிக் காலம் முடிந்துவிட்டது, வேறு இடம் பார்த்தாகிவிட்டது, நன்றி என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

காற்றாலை வந்திருந்தால் எல்லாம் சொர்க்கமாகியிருக்கும் என்று இப்போதும் நான் சொல்லவில்லை. ஏரிக்கு வரும் பறவைகளைப் பற்றிக் கூட்டத்தில் பேசியவர் பொய் பேசவில்லை. சில ஊர்களில் கோபுரத்தைக் கிட்டத்தில் வைத்துவிட்டதால் ஜனங்கள் படும் பாட்டை உன்னோடு வேலை பார்த்தவரே ஒப்புக்கொண்டார். உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்க வேண்டிய விஷயம் அது. பேசவிடாமல் செய்தவர்களில் நான் ஒருத்தி. காற்றாலைகள் வரவிருந்த மேடு இப்போது வெறுமையாக இருக்கிறது. நீ படகில் போய், கடலுக்கு நடுவில் நிற்கும் காற்றாலைகளில் ஏறிக்கொண்டிருக்கிறாய்.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்ததும் ஜன்னலுக்கு வெளியே அனல்மின் நிலையத்தைப் பார்த்து, "அந்தப் புகைபோக்கி இவ்வளவு கிட்டத்திலயா இருக்கு?" என்றார். நாற்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறது என்றேன். பிறகு, நீ எப்போது வருகிறாய் என்று கேட்டார். கடலில் வேலை, லீவு கிடைப்பது கஷ்டம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மற்றதை இன்னும் சொல்லவில்லை. குழுவுக்கு முன்னால் சொல்ல வந்த தைரியம் அவருக்கு முன்னால் வரவில்லை.

ஏறும்போது இரண்டு கொக்கியும் மாட்டியிருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்து ஏறு. காற்று பலமாக இருக்கும் நாளில் யார் சொன்னாலும் முடியாது என்று சொல்லிவிடு. நீ நன்றாக இருக்க வேண்டும், கால் தரையில் பட்டாலும் படாவிட்டாலும்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம், அதைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. அப்பாவுக்கு நாலு வரி எழுது. இன்னும் ஒரு மாதத்துக்கு அவர் கண்ணைச் சிரமப்படுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீ எதை எழுதினாலும் வாசித்துக் காட்டப்போவது நான்தான்.

இப்படிக்கு,
உன் அக்கா