பச்சைப் பெயிண்ட் அடித்த லேத்து

கிங்ஸ்டன், ஜமைக்கா

நைனாவுக்கு வணக்கம். மூட்டுவலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறதா? நான் நல்லா இருக்கேன். போனில் சொன்னால் பாதியில் வச்சிடுவீங்க, அதான் எழுதறேன்.

நேற்று ஜெயிச்சுட்டோம்! பக்கத்து வீட்டு டெல்ராய் முப்பது வருஷம் லண்டனில் லேத்து ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். அப்படித் திரும்புகிறவர்கள் புழங்கிய தொழில் கருவிக்கு இங்கே அரசாங்கம் சுங்க வரியை விட்டுக்கொடுக்கிறது. ஆனால் அவர் கப்பலில் கொண்டுவந்த லேத்தைத் துறைமுக அதிகாரி, "இது புது மெஷின், விற்கத்தான் வந்திருக்கு" என்று மூணு வாரமா நிறுத்தி வைத்துவிட்டார். லேத்து இல்லையென்றால் டெல்ராய்க்குப் பட்டறையே இல்லை. மனுஷன் ஊருக்கு வருகிற சந்தோஷத்தில், நாம ஆயுதபூஜைக்கு டிராக்டரை அலங்கரிக்கிற மாதிரி, அதுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிச்சிருக்கார்!

"பெயிண்ட் அடிச்சிக்கினு வந்தியே, அறிவு இருக்கா?" என்று பெரியவரென்றும் பார்க்காமல் கேட்டேன்.

"அழுக்கா கொண்டாந்தா ஊர்ல இன்னா நினைப்பாங்க?" என்கிற மாதிரி ஏதோ சொன்னார்.

லீவு போட்டு அவர்கூடத் துறைமுகத்துக்குப் போனேன். எங்க கம்பெனி சூப்பர்வைசர் கத்தினார், வேலைக்கு ஒண்ணும் ஆகாது. லேத்தில் டூல் நகர்கிற இரும்புப் பாதையில் பெயிண்ட் அடிக்க முடியாது. அதன்மேல் ஸ்கேலை வைத்தேன். வருஷக்கணக்கா ஓடித் தேய்ந்த இடத்தில் இடுக்கு தெரிந்தது. அதிகாரி கையிலிருந்த விண்ணப்பத்தின் ஓரத்தை அதில் நுழைத்தார். போனது. அதே தாளில் கையெழுத்துப் போட்டார். டெல்ராய் என்னைத் தூக்கியே விட்டார் நைனா!

அம்மா அரைத்த பருப்புப்பொடி அனுப்புங்க, கடைப்பொடி வேணாம். வெளிநாட்டிலிருந்து திரும்பி வர்றவனுக்கு நம்ம கவர்மெண்ட் என்ன செய்யுதுன்னு திருவள்ளூர் போனால் கலெக்டர் ஆபீசில் கேளுங்க. சும்மா, தெரிஞ்சுக்கத்தான்.

கம்பெனி பஸ் வந்துட்டுது.

அன்புராஜ்